அம்மாவின் மறதி: மாத்திரைக்கு முன்னால் காதைப் பாருங்கள்

வணக்கம் தங்கச்சி. சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டி ஓய்வெடுத்த அம்மா நாள் முழுக்க டிவி முன்னாலேயே இருக்கிறார், கேட்டதையே கேட்கிறார், ஞாபகசக்தி மாத்திரை வாங்கலாமா என்றீர்கள். வேண்டாம்மா, காசுதான் வீண். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. காது மந்தமானால் பேச்சு குறையும், மூளைக்கு வேலையும் குறையும். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14 மறதிநோய்க் காரணிகளில் இதுவும் உண்டு; இரத்த அழுத்தமும் இனிப்பு நீர் நோயும்கூட. அரசாங்கக் கிளினிக்கில் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

காலையில் அம்மாவோடு மார்க்கெட்டுக்கு நடந்தே போங்கள். சீட்டு எழுதித் தராதீர்கள். பத்து வெள்ளியை நீட்டிவிட்டு, கீரைக்கும் நெத்திலிக்கும் போக மீதி எவ்வளவு என்று அவரே கணக்குப் பார்க்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

மறதி திடீரென வந்திருந்தால் மட்டும் தள்ளிப் போடாமல் இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.