படத்தை மறைக்காதீர்கள், மகனோடு உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: நாங்கள் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். மகன் உயர்தரம் படிக்கிறான். இயேசு என்று ஒருவர் வாழவே இல்லை என்று வாதிடும் அமெரிக்க ஆவணப்படம் ஒன்றைப் பார்த்ததிலிருந்து ஆராதனைக்கு வர மறுக்கிறான். விசுவாசத்தைத் தன் வாயாலேயே உறுதிமொழியாகச் சொல்லும் திடப்படுத்தல் சடங்குக்கும் பெயர் கொடுக்க மாட்டானாம். கணவர் கோபத்தில் அவனுடைய தொலைபேசியைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டார். ஞாயிறுதோறும் அப்பாயியின் கையைப் பிடித்து ஆலயப் படிகளில் ஏற்றிவிடுபவன் அவன்தான். ‘பிள்ளையை யாரோ கெடுத்துவிட்டார்கள்’ என்று அப்பாயி அழுகிறார். போதகரிடம் சொல்லிக் கண்டிக்கச் சொல்லட்டுமா?
- ஒரு தாய், டிக்கோயா

பதில்: அன்புச் சகோதரி, தயவுசெய்து கண்டிக்கச் சொல்லாதீர்கள்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். ஆதாம், ஏவாள், காயீன், ஆபேல் என்று நால்வர்தான் இருந்தார்கள், ஆபேலும் செத்துப்போனான் என்றால் காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்று ஞாயிறுப் பாடசாலையில் கேட்டேன். பதில் வரவில்லை. ஆராதனை முடியும்வரை வாசலில் முழங்காலிட வைத்தார்கள். மழைக்காலம். சிமெந்துத் தரையின் குளிர் முழங்காலில் ஏறியது இன்றும் நினைவிருக்கிறது. அதன் பிறகு இருபது வருடங்கள் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த இருபது வருடங்களில் பைபிளை விரும்பித் திறந்ததும் இல்லை. உங்கள் மகன் வாய்விட்டுச் சொல்கிறானே, அதற்காகவாவது சந்தோஷப்படுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அது 2005 இல் வெளிவந்த படமாக இருக்க வேண்டும். நானும் பார்த்திருக்கிறேன். கடும் மதப்பற்றோடு வளர்க்கப்பட்ட ஒருவர், தான் படித்த கிறிஸ்தவப் பாடசாலைக்கே கமராவுடன் போய் அதன் தலைவரைக் கேள்வி கேட்கிறார். படத்தில் எனக்கு மிகவும் உறுத்திய இடம் அதுதான். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தி வளர்த்த பிள்ளை, ஆளாகித் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறான். அந்தக் காட்சியை உங்கள் கணவர் அவசியம் பார்க்க வேண்டும்.

படம் சொல்வதில் பாதி, இறையியல் கல்லூரிகளிலேயே கற்பிக்கப்படும் விஷயம். நான்கு சுவிசேஷங்களில் பழையதான மாற்கு, சிலுவைச் சாவுக்குச் சுமார் நாற்பது வருடங்கள் கழித்து, கி.பி. 70 ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மரியாளின் கணவர் யோசேப்பின் தகப்பன் யார் என்று மத்தேயுவைக் கேட்டால் யாக்கோபு என்பார், லூக்காவைக் கேட்டால் ஏலி என்பார். டிசம்பர் 25 என்ற திகதி பைபிளில் எங்கேயும் இல்லை. இவற்றை மகன் சொன்னால் ‘ஆமாம்’ என்று ஒப்புக்கொள்ளுங்கள். மறுத்தீர்களானால் அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் அவன் நம்ப மாட்டான்.

இயேசு வாழவே இல்லை என்ற மறுபாதி நிற்காது. ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுலுக்கு மண்ணில் நடமாடிய ஓர் இயேசுவைத் தெரியாது என்கிறது படம். அவர் எழுதிய கலாத்தியர் கடிதத்தின் முதலாம் அதிகாரத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். எருசலேமுக்குப் போய் இயேசுவின் சீடர் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும், கர்த்தருடைய சகோதரன் யாக்கோபைக் கண்டதாகவும் பவுலே எழுதுகிறார். வாழாத ஒருவருக்குச் சகோதரன் ஏது? யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் அந்த யாக்கோபைக் குறிப்பிடுகிறார். அவருடைய நூலில் இயேசுவைப் புகழும் இன்னொரு பகுதியில் பிற்காலக் கிறிஸ்தவர்கள் கைவைத்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. அவரும் ரோம ஆளுநர் பிலாத்துவின் காலத்தில் கிறிஸ்து கொல்லப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்ட பார்ட் எர்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், இயேசு வாழ்ந்தார் என்று நிறுவுவதற்காகவே 2012 இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இவை எதுவும் உயிர்த்தெழுதலை நிரூபிக்காது. அது விசுவாசம், வரலாற்றுத் தராசில் ஏற்றி நிறுக்க முடியாதது.

பழங்கதை நாயகர்களுக்கு உரிய 22 அடையாளங்களின் பட்டியல் ஒன்றையும் படம் காட்டுகிறது. அற்புதப் பிறப்பு, குழந்தையிலேயே கொல்லப் பார்ப்பது, மலைமேல் சாவு என்று போகும். அவற்றில் பெரும்பாலானவை இயேசுவுக்குப் பொருந்துவதால் அவரும் கதைதானாம். கட்டபொம்மனை நினைத்துப் பாருங்கள், சகோதரி. கும்மியிலும் கதைப்பாடலிலும் அவரைப் பற்றி எத்தனையோ அதிசயங்கள் சேர்ந்துவிட்டன. அதனால் 1799 இல் கயத்தாற்றில் தூக்கில் தொங்கிய மனிதர் இல்லாமல் போய்விடுவாரா? மனிதர் பெரியவரானால் கதை வந்து ஒட்டிக்கொள்ளும். தோட்டத்தில் விடிய விடியப் பொன்னர் சங்கர் கூத்துப் பார்த்து வளர்ந்த அப்பாயிக்கு இது பேராசிரியர்களைவிட நன்றாக விளங்கும்.

கிறிஸ்தவத்தைக் கேள்வி கேட்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1873 இல் பாணந்துறையில் பௌத்த பிக்கு குணானந்த தேரரும் டேவிட் டி சில்வா பாதிரியாரும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் இரண்டு நாள் வாதம் செய்தார்கள். அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் இருந்தார். பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கத் துணை நின்றவர், பிறகு 1854 இல் கிறிஸ்தவப் பிரசாரத்துக்கு மறுப்பு நூல் எழுதினார். அதே 1854 இல்தான் உங்கள் முன்னோரைத் தேடி மலையகத் தோட்டங்களுக்குக் கூலி மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியம் வந்தது. நாவலரின் எல்லா வாதமும் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் அவருடைய உழைப்பின் முன் தலை வணங்குகிறேன். வரிவரியாகப் படித்த பிறகுதான் மறுத்தார். மறுப்பதாக இருந்தால் நீயும் அப்படிப் படித்துவிட்டு மறு என்று மகனிடம் சொல்லுங்கள். ஒரு மணி நேரப் படம் அதற்குப் போதாது.

கணவருக்கு ஒரு வார்த்தை: ஐயா, தொலைபேசியைத் திருத்திக் கொடுங்கள். உயர்தரப் பாடக் குறிப்புகளும் அதில்தானே இருந்திருக்கும்? ‘கோபத்தில் செய்துவிட்டேன்’ என்று சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பிறகு ஒரு சனிக்கிழமை மாலை மூவரும் சேர்ந்து அந்தப் படத்தைப் பாருங்கள். பக்கத்தில் பைபிள் திறந்திருக்கட்டும். போதகரை அழைப்பதானால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவராக இருந்தால் மட்டும் அழையுங்கள்.

திடப்படுத்தலுக்கு அவசரம் வேண்டாம். நம்பாத வாயால் உறுதிமொழி சொல்ல மாட்டேன் என்கிறான், அது நேர்மை. அவன் கேட்கும்வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

அப்பாயியிடம் யாரும் பிள்ளையைக் கெடுக்கவில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். வரும் ஞாயிறு மகனை ஆராதனைக்குக் கூப்பிட வேண்டாம். அப்பாயியைப் படி ஏற்றிவிட முடியுமா என்று மட்டும் கேளுங்கள். ஏற்றிவிட்டு அவன் வெளியே மதிலில் உட்கார்ந்திருந்தாலும் இருக்கட்டும், ஆராதனை முடிந்ததும் இறக்கிக் கூட்டிவர அவன்தான் வேண்டும்.