அம்மாவிடம் சொன்ன சைனஸ் பொய்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 58 வயது. ஒரு வருடமாகத் தலைவலி, பார்வை மங்கல். ஸ்கேனில், மூளைக்கு அடியில் ஹார்மோன் சுரக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று வந்திருக்கிறது. மண்டையைத் திறக்க வேண்டாம், மூக்கு வழியாக எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) விட்டு எடுத்துவிடலாம் என்கிறார் நியூரோசர்ஜன். இந்த மாதிரி சிறுதுளை ஆபரேஷன்களில் தேர்ந்தவராம். கூட ஒரு ஈஎன்டி டாக்டரும் இருப்பாராம். மூளை ஆபரேஷனுக்கு மூக்கு டாக்டர் எதற்கு? புது முறை என்பதால் பயமாக இருக்கிறது. எண்டோஸ்கோப்பை விட மைக்ரோஸ்கோப்பே மேல் என்கிறார் நண்பர் ஒருவர். எது சரி? அம்மா பயந்த சுபாவம். அதனால் சைனஸ் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.

(பெயர் வேண்டாம்), திண்டுக்கல்

*

அன்புள்ள தம்பி,

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தை ஒதுக்க முடியவில்லை. கொஞ்ச நாளாகவே என் அத்தையின் நினைவாக இந்தச் சுரப்பியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

சின்ன கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். எண்டோஸ்கோப்பா மைக்ரோஸ்கோப்பா என்றால், உங்கள் டாக்டரின் கை எதில் பழகியிருக்கிறதோ அதில் செய்யட்டும். ஆபரேஷன் செய்யப்போவது உங்கள் நண்பர் இல்லை. டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: இது புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) சுரக்கும் கட்டியா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டார்களா? அந்த வகை என்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், கத்தியே வேண்டியிருக்காது. அநேகமாகப் பார்த்திருப்பார்கள். இருந்தாலும் கேளுங்கள்.

மூக்கு டாக்டர் எதற்கு என்று கேட்டிருந்த தொனி எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் அம்மாவின் மூக்குக்குள் போகிற பாதை முழுக்க அவருடைய ராஜ்ஜியம். மூக்கின் கடைசியில் ஸ்பீனாய்ட் என்று காற்று நிறைந்த ஓர் எலும்பறை இருக்கிறது, அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கிறது பிட்யூட்டரி. இரண்டு பக்கமும் மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய்கள், மேலே கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கிற இடம். ஒருவர் எண்டோஸ்கோப்பைப் பிடித்து வழிகாட்ட, இன்னொருவர் இரண்டு கையாலும் கட்டியைச் சுரண்டி எடுப்பார். எல்லாம் முடிந்ததும், தேவைப்பட்டால் மூக்குத் தண்டின் சவ்வை ரத்த ஓட்டம் அறுபடாமல் உரித்துத் திருப்பி, போட்ட துளையை அதை வைத்தே அடைப்பார்கள். மூக்கைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் இதை எப்படிச் செய்வது?

புது முறை என்கிறீர்களே, அதுவும் இல்லை. 1907-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்ற சர்ஜன் மூக்கைப் பக்கவாட்டில் வெட்டித் திறந்து இந்தக் கட்டியை எடுத்தார். 1910-ல் வியன்னாவில் ஆஸ்கர் ஹிர்ஷ், வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமல் நாசித் துவாரம் வழியாகவே போனார், அதுவும் மரத்துப்போக மருந்து தடவி, நோயாளி விழித்திருக்கும்போதே. அவர் மூக்கு டாக்டர்தான் தம்பி. அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்ற பெரிய நியூரோசர்ஜன் மேலுதட்டுக்கு அடியில் கீறி அதே இடத்தை அடைந்தார். 1910-லிருந்து 1925 வரை 231 பேருக்குச் செய்தார், இறந்தவர்கள் 5.6 சதவீதம். பெனிசிலின் இல்லாத காலத்துக் கணக்கு இது. அப்படிப்பட்டவரே பிறகு இந்த வழியைக் கைவிட்டு மண்டையோட்டைத் திறக்கும் முறைக்குப் போய்விட்டார். குறுகலான குழிக்குள் வெளிச்சம் போதாது, மேலே வளர்ந்த கட்டி கண்ணில் படாது. குஷிங்கே விட்டுவிட்டார் என்றதும் கிட்டத்தட்ட உலகமே விட்டுவிட்டது. அவரிடம் கற்றுக்கொண்டு எடின்பரோவுக்குத் திரும்பிய நார்மன் டாட் போல வெகு சிலர்தான் விடாமல் செய்துகொண்டிருந்தார்கள், டாட்டிடமிருந்து பாரிஸின் ஜெரார் கியோ கற்றார், கியோவிடமிருந்து கனடாவின் ஜூல் ஆர்டி கற்று 1960-களில் மைக்ரோஸ்கோப்பைச் சேர்த்தார். எண்டோஸ்கோப் பரவலானது 1990-களில். ஒரு மனிதர் எடின்பரோவில் பிடிவாதமாக இருந்திராவிட்டால் இந்தக் கைத்திறன் அப்போதே அறுந்துபோயிருக்கலாம். இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது, உங்களுக்கு எப்படியோ.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். சைனஸ் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறீர்களாம்!

என் அத்தைக்கும் இதே கட்டிதான். 1980-களில். கண் நரம்பு குறுக்கே கடக்கிற இடத்தைக் கட்டி அழுத்தினால் இரண்டு ஓரத்துப் பார்வையும் போய்விடும், நேரே இருப்பது மட்டும் தெரியும். அது யாருக்குத் தெரியும்? தெருவில் பக்கத்தில் வந்து சிரித்தவர்களை அத்தை கவனிக்காமல் போனாள். 'பார்த்தும் பாராத மாதிரி போறா, மகன் உத்தியோகத்துக்குப் போன திமிர்' என்று ஊர் பேசியது. நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டே இருப்பாள். கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் சென்னைக்குக் கூட்டிப் போய் மேலுதட்டுக்கு அடியில் கீறி எடுத்தார்கள். மாமா அவளிடம் சொன்னது: 'கண்ணுக்குப் போற நரம்புல ஒரு சின்ன அடைப்பு.' அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபின் அத்தைக்குத் தீராத தாகம். ராத்திரி முழுக்கச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள், கொல்லைக்குப் போவாள், வருவாள், மறுபடி குடிப்பாள். பிட்யூட்டரியின் பின்பகுதி பாதிக்கப்பட்டால் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைந்து இப்படி ஆகும், மருந்து இருக்கிறது. ஆனால் கண் ஆபரேஷனுக்கும் ஒண்ணுக்குப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் நினைத்தாள். வீட்டில் மருமகன் வந்திருந்தார், அவர் படுத்திருந்த திண்ணையைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போக வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். அதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. நாக்கு வறண்டு, பேச்சு குழறி, என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் வீடு விழித்தது. பிழைத்துக்கொண்டாள். மருந்தும் ஒத்துக்கொண்டது. முன்பற்கள் மட்டும் மரத்தே இருந்தன, முறுக்கு கடித்தால் யாரோ கடிக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். மாமாவோடு வெகுநாள் பேசவில்லை. ஆபரேஷன் செய்தவர்கள் மேல் அவளுக்குக் கோபமே இல்லை.

உங்கள் அம்மாவை யோசித்துப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து பாரம் தூக்கக் கூடாது, மலச்சிக்கல் என்று முக்கக் கூடாது. குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டினால், தொண்டையில் உப்புக் கரித்தால், அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், விட்டால் மூளைக்காய்ச்சல் வரை போகும். சைனஸ் என்று நம்பிக்கொண்டிருக்கிற அம்மா என்ன செய்வார்? சளி என்று முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆவி பிடிப்பார். கார்டிசால் என்ற, உயிருக்கு அவசியமான ஹார்மோன் குறைந்திருந்தால் தினமும் மாத்திரை கொடுப்பார்கள், அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே மோசம். சைனஸ் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு இந்த மாத்திரை என்று அவராகவே நிறுத்திவிட்டால் யாரைக் குற்றம் சொல்வீர்கள்?

அந்தக் காலத்தில் மண்டை திறக்கப்பட்ட நோயாளிகளிடம் பொய் சொல்ல வழியில்லை, மழித்த தலையே சொல்லிவிடும். இப்போது வெளியில் ஒரு தையல்கூடத் தெரியாமல் முடிந்துவிடுகிறது. அந்த டாக்டர் வருஷக்கணக்கில் கையைப் பழக்கியது உங்கள் அம்மாவுக்கு வலியைக் குறைக்க, நீங்கள் பொய்யை மறைக்க இல்லை. அது போகட்டும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது யார்? எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் அவரைப் போட வைப்பீர்களா?

பயந்த சுபாவம் என்கிறீர்கள். பிள்ளை பெற்ற, கணவனைப் பார்த்துக்கொண்ட, ஒரு வருடமாகத் தலைவலியோடு உங்களுக்குச் சமைத்துப் போட்ட மனுஷி. பயம் யாருக்கு என்று நீங்களே யோசியுங்கள். கோபமாகப் பேசுகிறேன், மன்னியுங்கள், உங்கள் பயமும் எனக்குத் தெரிகிறது. கடிதத்தை எந்த நேரத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று பார்த்தேன், அதிகாலை மூன்றரை. நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த டாக்டரிடம் மறுபடி போங்கள். ஸ்கேன் படத்தை அவருக்கே காட்டி விளக்கச் சொல்லுங்கள். மூக்கில் பஞ்சு வைத்திருப்பார்கள், சில நாள் வாயால்தான் மூச்சு விட வேண்டியிருக்கும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள், விழித்ததும் அதுதான் பலரைப் பதறவைக்கிறது. எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று தனியாக ஒரு மின்னஞ்சலில் கேட்டிருந்தீர்கள், அதற்கெல்லாம் நான் ஆளில்லை. அம்மாவிடம் பேசிய பிறகு எழுதுங்கள். அதற்கு முன்னால் எழுதினால் பதில் போட மாட்டேன்.

அன்புடன்