பக்கத்து மனையில் பைலிங், நம் சுவரில் விரிசல்: அதிர்வு பற்றிக் கேள்வி பதில்

நான் சிவில் எஞ்சினியர். கட்டுமான இடங்களில் அதிர்வை அளப்பது இருபது வருடத் தொழில், குடியிருப்பு தண்டையார்பேட்டை. இப்போது தெருவுக்குத் தெரு பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புகிறார்கள், அதனால் கேள்விகள் நிறையவே வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (புது வண்ணாரப்பேட்டை): சார், பின்பக்க மனையில் நாலு நாளாக வெடி வைக்கிறார்கள். ஷெல்ஃபில் டம்ளர் எல்லாம் கிடுகிடு என்கிறது. குடியிருப்புக்கு நடுவில் வெடி வைக்க அனுமதி உண்டா?

அது வெடி இல்லை சார். நம் பக்கம் மேல்மட்டத்தில் இருப்பது மணலும் களிமண்ணும். வெடி வைத்துப் பிளக்கப் பாறை வேண்டும், அதற்குப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் போக வேண்டும். நீங்கள் கேட்கிற 'டொம்' சத்தம் பைலிங்கில், அதாவது அஸ்திவாரத் தூண்களுக்கு மண்ணில் ஆழமாகக் குழி போடுவதில் வருவது. முக்காலி நிறுத்தி, கனமான சிசெலை (இரும்பு உளி) வின்ச்சில் தூக்கித் தூக்கிக் குழிக்குள் போடுகிறார்கள்.

டம்ளர் ஆடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தரை நொடிக்கு எவ்வளவு வேகத்தில் அசைகிறது என்பதை மில்லிமீட்டரில் அளக்கிறோம். வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு 0.3 மி.மீ. வேகமே லேசாகத் தெரிய ஆரம்பித்துவிடும். 1 மி.மீ. வந்தால் புகார் எழுதத் தாள் தேடுவோம். சுவருக்குக் கெடுதி என்று கவலைப்படத் தொடங்குவது 5 மி.மீ. வாக்கில்தான். நம் உடம்பு சுவரைவிட ரோஷக்காரன்!

கேள்வி (பெரம்பூர்): அந்த 5 யார் சொன்ன கணக்கு? சட்டமா?

நம் நாட்டில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குநரகம் 1997இல் வெளியிட்ட சுற்றறிக்கையை. சுரங்க வெடிக்காக எழுதியதைத்தான் கட்டுமானத்துக்கும் இரவல் வாங்கிக்கொள்கிறோம். சுரங்கக்காரருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு, அஸ்திவார மட்டத்தில், அதிர்வு 8 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 8 ஆட்டம்) கீழே இருந்தால் 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு 10, 20, 25. பழம்பெரும் சின்னங்களுக்கும் நொய்ந்த கட்டடங்களுக்கும் 2, 5, 10.

ஹெர்ட்ஸ் ஏன் உள்ளே வருகிறது என்று கேட்பீர்கள். தூளியை அது போகிற போக்கில் தள்ளினால் ஒரு விரலே போதும். ஒன்றிரண்டு மாடி வீட்டுக்கும் அப்படி ஒரு சொந்த ஆட்டம் உண்டு, நொடிக்கு ஏறக்குறைய 4 முதல் 12 தடவை. தரையின் அதிர்வும் அதே வேகத்தில் வந்தால் வீடு சேர்ந்து ஆடும். படபடவென்று வேகமாக வரும் அதிர்வு பெரும்பாலும் சத்தத்தோடு போய்விடும். ஆகவே "அளந்தோம், 7 வந்தது, வரம்புக்குள்தான்" என்று யாராவது சொன்னால், எத்தனை ஹெர்ட்ஸில் என்று கேளுங்கள். 20 ஹெர்ட்ஸில் 7 பரவாயில்லை. 6 ஹெர்ட்ஸில் வந்திருந்தால் வரம்பு தாண்டியாகிவிட்டது.

கேள்வி (ராயபுரம்): எங்கள் வீடு தாத்தா கட்டியது, மெட்ராஸ் டெரஸ். பக்கத்தில் ரோலர் ஓட்டி ரோடு போடுகிறார்கள். எங்களுக்கும் அதே 5 தானா அண்ணா?

காகிதத்தில் நீங்கள் 'சாதாரண வீடு'தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையும் செங்கல் ஜல்லியும் போட்டு மட்டம் தட்டியது உங்கள் மாடி. கம்பி எதுவும் கிடையாது. கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கிற இடத்தில் கரையான் அரித்திருக்கலாம், மழைநீர் இறங்கி ஊறியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கெட்ட முனை ஒன்று இருந்தால் 3 மி.மீ. அதிர்வுகூட அங்கே செங்கல்லை உதிர்த்துவிடும். ஜெர்மன் தரநிலை, நொய்ந்த கட்டடத்துக்குத் தாழ்ந்த ஹெர்ட்ஸில் 3 மி.மீ.தான் என்கிறது. நம் சுற்றறிக்கையில் நொய்ந்த வகைக்கு 2. உங்கள் தெருவில் வேலை பார்ப்பவரிடம் இந்த 2ஐக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை, எழுத்தில் கேளுங்கள்.

ரோலர் விஷயத்தில் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக் கையேட்டில், அதிரும் ரோலர் 7.6 மீட்டர் தூரத்தில் சுமார் 5 மி.மீ. கொடுக்கும் என்று போட்டிருக்கிறது. சரக்கு ஏற்றிய லாரி சுமார் 2. (துறைமுகத்துக்கு டிரெய்லர் வரிசை கட்டி நிற்கிற நம் ரோட்டோரத்தில் இந்த 2 தினசரி சாப்பாடு.) ரோலரில் அதிர்வை நிறுத்திவிட்டு வெறும் எடையால் மட்டும் உருட்ட ஒரு பொத்தான் இருக்கும். உங்கள் வாசலில் அதை அணைக்கச் சொல்லுங்கள். நாலு தடவை கூடுதலாக ஓட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கட்டை முனைகளை ஒரு நல்ல தச்சரை வைத்துத் தட்டிப் பார்த்துவிடுங்கள், அக்கா. ரோலர் போன பிறகும் அது உதவும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): பைலிங் முடிந்து மூணு மாசம் கழித்து ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் விட்டிருக்கிறது. பில்டர், "அப்போதே அளந்தோம், அதிர்வு கம்மி, எங்களால் இல்லை" என்கிறார். உண்மையா?

அதிர்வு கம்மி என்பது உண்மையாக இருக்கலாம். 'எங்களால் இல்லை' என்பது அதனால் உண்மையாகிவிடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் என் வீட்டுக்கு அடுத்த மனையில் கார் நிறுத்தும் அடித்தளத்துக்காகத் தோண்டினார்கள். தொழில் புத்தி, என் வாசலிலேயே அதிர்வு மானியை வைத்தேன். ஒரு நாளும் 2 மி.மீ. தாண்டவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம் "ஒன்றும் ஆகாது" என்று நானே வாக்குக் கொடுத்தேன். அந்தப் பக்கம் இரண்டு பம்பு இரவும் பகலும் ஊற்றுத் தண்ணீரை இறைத்து மழைநீர்க் கால்வாயில் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அடுத்த கோடைக்குள் என் பக்கச் சுவர் குழிப்பக்கமாக இறங்கி, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாகப் பிளந்தது. புகார் கொடுக்கப் போனபோது கட்டுமானக்காரர் எடுத்து நீட்டியது என் அளவீட்டுத் தாளையே. கேஸுக்கு என் கருவியே எதிர்சாட்சி ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். களிமண் தனக்குள் இருக்கிற தண்ணீரோடு சேர்ந்துதான் வீட்டைத் தாங்குகிறது. பக்கத்தில் இறைத்தால் நம் அடியிலிருந்தும் தண்ணீர் போகும், மண் மெதுவாக அமுங்கும். மாதக்கணக்கு ஆகும், அதற்குள் பைலிங் இயந்திரம் வேறு ஊருக்குப் போயிருக்கும். மணலாக இருந்தால் தோண்டிய பக்கம் தாங்கல் இல்லாமல் சரிவதும் உண்டு. அதிர்வு மானிக்கு இது எதுவும் தெரியாது. அதற்குத் தனியாக மட்டக்கருவி வைத்துச் சுவரில் குறி போட்டு வாரா வாரம் அளக்க வேண்டும், நீர்மட்டம் பார்க்க ஒரு குழாய் இறக்க வேண்டும். வடசென்னையில் நான் பார்த்த விரிசல் சண்டைகளில் பெரும்பாலானவை தண்ணீர்ச் சண்டைகள்தான்.

விரிசலின் முகத்தைப் பார்த்தாலும் கொஞ்சம் சொல்லலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய், ஒரு முனையில் அகலமாக இருந்தால் மண் இறங்கியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதிர்வு பெரும்பாலும் பூச்சில் மயிரிழையாகத்தான் வரும், பழைய விரிசலை நீட்டும். மாடித் தளத்துக்குக் கீழே படுக்கையாக ஓடினால் வெயில். சன்ஷேடில் கம்பி போகிற வழியிலேயே கோடு விழுந்து துருக்கறை தெரிந்தால் கடல் காற்றும் உப்புத் தண்ணீரும் செய்த வேலை. காசிமேடு, எர்ணாவூர் பக்கம் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். இதற்குப் பக்கத்து பில்டர் மேல் பழி போடாதீர்கள், பாவம்.

கேள்வி (மாதவரம், சைட் எஞ்சினியர்): நாங்களும் மனிதர்கள்தான் சார். அதிர்வைக் குறைக்க என்ன செய்யலாம்?

சுழன்று துளைக்கும் ரிக் கொண்டு வாருங்கள், செலவு கூடும், அதிர்வு பெரிய அளவில் குறையும். அடித்து இறக்கும் பைலை வீடுகளுக்குப் பக்கத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். அதே கையேட்டுக் கணக்கில் 7.6 மீட்டரில் 16 மி.மீ. வரும், 30 மீட்டர் தள்ளிப் போனால்தான் எட்டில் ஒரு பங்காக இறங்கும். பழைய கான்கிரீட் அஸ்திவாரத்தை பொக்லைன் பிரேக்கரால் குத்துவதற்குப் பதில், துளை போட்டு விரியும் சுண்ணாம்புத் தூளைக் கரைத்து ஊற்றினால் ஒரே இரவில் சத்தமில்லாமல் பிளக்கும். அப்புறம், தெருவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்த அதிர்வுக்கு யாரும் போலீஸைக் கூப்பிடுவதில்லை.

கேள்வி (திருவொற்றியூர்): நான் இருப்பது இங்கே, அம்மா வீடு செங்கல்பட்டு பக்கம். அங்கே கல்குவாரியில் நிஜமாகவே வெடி வைக்கிறார்கள். அதற்கு என்ன விதி?

வெடிமருந்து வாங்க, வைத்திருக்க, பயன்படுத்த 2008ஆம் ஆண்டு வெடிமருந்து விதிகளின்படி உரிமம் வேண்டும். மேற்பார்ப்பது நாக்பூரில் தலைமையகம் உள்ள பெட்ரோலியம் மற்றும் வெடிமருந்து பாதுகாப்பு அமைப்பு. குவாரி என்றால் மேலே சொன்ன 1997 வரம்புகள் நேரடியாகவே பொருந்தும். தமிழ்நாட்டுச் சிறுகனிம விதிகள் குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை கூடாது என்கின்றன. முதலில் அந்தத் தூரத்தைப் பாருங்கள். பிறகு மாவட்ட ஆட்சியர், கனிமவளத் துறை.

இன்னொரு விஷயம். மொத்தம் எத்தனை கிலோ வெடித்தார்கள் என்பதைவிட, ஒரே நொடித்துளியில் எத்தனை கிலோ என்பதுதான் முக்கியம். டெட்டனேட்டர்களைத் துளைக்குத் துளை சில மில்லிநொடி தாமதித்தால் அதிர்வு துண்டு துண்டாகப் போகும். தோராயக் கணக்கு: ஒரு தடவைக்கு 4 கிலோ வெடித்து 100 மீட்டரில் என்ன அதிர்வோ, 16 கிலோ வெடித்தால் அது 200 மீட்டரில் வரும். குவாரியில் வெடிப் பதிவேடு இருக்கும், அதன் விவரத்தைக் கனிமவளத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி (வியாசர்பாடி): போனில் அதிர்வு அளக்கிற ஆப் இருக்கிறதே, அதை வைத்து வழக்குப் போடலாமா?

பொழுதுபோகும். மேசையில் வைத்தால் மேசையைத்தான் அளக்கும். அளக்க வேண்டியது அஸ்திவாரத்தை ஒட்டிய தரையில், மூன்று திசையிலும், அளவுத்திருத்தம் செய்த கருவியால். ஆனால் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஆடியது என்று குறித்துவைக்க ஆப் உதவும்.

கேள்வி (மணலி): ராத்திரி பதினோரு மணிக்கும் வேலை நடக்கிறது. யாரிடம் சொல்வது?

மாநகராட்சி 1913. புகார் எண்ணை எழுதி வையுங்கள். பிறகு உங்கள் மண்டல அலுவலகம், அதாவது மண்டலம் 2. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு 45 டெசிபல்தான், பைலிங் அதற்குள் அடங்காது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போவது அதிர்வைப் பிடித்துக்கொண்டு போவதைவிட எளிது.

கேள்வி (எண்ணூர்): பக்கத்தில் அடுத்த மாதம் வேலை தொடங்கப் போகிறது. இப்போதே நான் செய்ய வேண்டியது?

போன் கேமராவால் ஒவ்வொரு அறையின் நான்கு சுவரும், கூரையும், தரையும், வெளிச்சுவரும். ஏற்கெனவே இருக்கிற விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, அன்றைய நாளிதழையும் பிடித்து எடுங்கள். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை சிமெண்டில் ஒட்டிவைத்தால், சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். படங்களை பில்டருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வையுங்கள். கூட்டாக ஆய்வு செய்து இருவரும் கையெழுத்துப் போட பில்டர் ஒத்துக்கொண்டால் அதைவிட நல்லது. அந்தக் கடிதத்திலேயே, "தண்ணீர் இறைக்கும் திட்டம் என்ன?" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.