வைரஸின் வம்சம் இருக்கட்டும், அந்த ரத்தக் கசிவைப் பற்றிப் பேசுவோம்

உங்கள் கடிதத்தில் எண் போட்டு ஒன்பது கேள்விகள். நான் நின்றது எண் போடாத ஒரு வரியில். ‘உறவுக்குப் பிறகு மூன்று முறை லேசாக ரத்தம் பட்டது, தோழி சொன்ன மாத்திரை போட்டதும் நின்றுவிட்டது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வயது 38. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹெச்பிவி வைரஸில் 16-ஆம் வகை பாசிட்டிவ். கருப்பைவாய்ச் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் நார்மல். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது, அந்த வைரஸின் ஒரு கிளை என்று இணையத்தில் படித்த ‘டி3’. எனக்கு உறுத்துவது அந்த ரத்தம்.

சரி, டி3-யை முதலில் முடித்துவிடுவோம். இல்லையென்றால் மீதியை நீங்கள் காதில் வாங்கமாட்டீர்கள்.

ஹெச்பிவியில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கருப்பைவாய்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை பதினைந்துக்குள்தான். அவற்றில் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே சுமார் 70 சதவீதப் புற்றுநோய்களுக்குக் காரணம். அந்த 16-க்குள்ளும் ஏ, பி, சி, டி என்று நான்கு வம்சங்கள், அவற்றுக்குக் கிளைகள். சுமார் 7,900 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுப்பில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வேறுபட்டாலே தனி வம்சம் என்று பிரித்துவிடுகிறார்கள். நீங்கள் படித்த டி3 அப்படி ஒரு கிளை. டி2, டி3 கிளைகளில் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அதை மறைக்கப்போவதில்லை.

ஆனால் ‘என் வைரஸ் உருமாறிவிட்டதா?’ என்று கேட்கிறீர்களே, அங்கேதான் தப்பு. கொரோனா காலத்தில் ‘உருமாற்றம்’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பயம் பழகிவிட்டது. இது அந்த ரகம் இல்லை. ஹெச்பிவி தன் டிஎன்ஏவை நம் செல்லின் நகலெடுக்கும் கருவிகளைக் கொண்டே பெருக்குகிறது. அந்தக் கருவிகள் பிழை திருத்திக்கொண்டே போகிறவை. அதனால் இந்த வைரஸ் மிக மெதுவாகத்தான் மாறும். இந்த வம்சங்களும் மனிதக் கூட்டங்கள் பிரிந்து பரவிய பழங்காலத்தில் கூடவே பிரிந்தவை, உங்கள் உடம்பில் நேற்று முளைத்தவை அல்ல.

இன்னொரு வேடிக்கை. இந்த வைரஸின் இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள்தான் நம் செல்லின் காவலாளிகளை முடக்குகின்றன. 2017-இல் 5,000-க்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து எடுத்த 16-ஆம் வகை வைரஸை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். புற்றுநோய் வந்தவர்களிடம் இருந்த வைரஸில் இ7 மரபணு கிட்டத்தட்ட மாறாமல் அப்படியே இருந்தது. அதில் மாற்றங்கள் அதிகம் தென்பட்டது, புற்றுநோய் வராத பெண்களிடம். மாறினால்தான் ஆபத்து என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். இ7 விஷயத்தில் நிலைமை நேர் எதிர்.

ஆகவே வைரஸின் முழு மரபணுவைப் படிக்கும் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஏ1 என்று வந்தாலும் டி3 என்று வந்தாலும் நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். வம்சத்தை வைத்துச் சிகிச்சையை மாற்றும் நடைமுறை கிடையாது. 16 என்ற எண் போதும். பாப் நார்மலாக இருந்தாலும் 16 இருந்தால் கால்போஸ்கோபி, அதாவது கருப்பைவாயைப் பெரிதாக்கிக் கண்ணால் பார்க்கும் சோதனை, செய்து பார்ப்பது வழக்கம். உங்களுக்கு அதற்கு மேல் ரத்தக் கசிவும் இருக்கிறது.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். ‘பாப் நார்மல்தானே, வைரஸ் வந்தாலும் புற்றுநோயாக 15, 20 வருடம் ஆகுமாமே’ என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள். பாப் ஸ்மியர் என்பது எந்த அறிகுறியும் இல்லாத பெண்களைச் சலித்தெடுக்கும் சோதனை. உறவுக்குப் பின் ரத்தம் பட்ட நிமிடமே நீங்கள் அந்த வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள். இனி கண்ணால் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். வைரஸ் எப்போது வந்தது என்பதே தெரியாதபோது அந்த 20 வருடத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவீர்கள்?

உங்கள் டி3 கட்டுரையில் உருப்படியான செய்தி ஒன்று இருந்திருக்கும், அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். டி கிளைகளும் 18-ஆம் வகையும் சுரப்பிச் செல்களில் வரும் புற்றுநோயோடு கூடுதலாகத் தொடர்புடையவை. அந்தச் செல்கள் கருப்பைவாயின் உட்குழாயில் இருப்பவை. வெளிப்பக்கத்தைச் சுரண்டி எடுக்கும் பாப் ஸ்மியருக்கு அவை எளிதில் சிக்குவதில்லை. ‘நார்மல்’ என்ற காகிதத்தைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசிவோடு நடமாடிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த அவசரம்.

பயமுறுத்தவில்லை. உறவுக்குப் பின் ரத்தம் படுவதற்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணமானதுதான்: பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, கிருமித்தொற்று, உட்பக்கத்து மென்மையான சவ்வு வெளியே தெரிவது. ஆனால் அதைப் பார்த்தவர் சொல்ல வேண்டும். நீங்களும் உங்கள் தோழியும் சேர்ந்து முடிவு கட்டக்கூடாது.

அந்த மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது, அம்மா. நீங்கள் போட்ட நோரெத்திஸ்டிரோன் ஒரு ஹார்மோன் மாத்திரை, கருப்பையின் உட்சவ்வு உதிராமல் பிடித்து வைக்கும். கருப்பைவாயில் புண் இருந்தால் அதற்கு அது ஒன்றும் செய்யாது. இப்போது ரத்தம் நின்றிருப்பது மாத்திரையாலா, தானாகவா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுபடி போடாதீர்கள். நோய் எதிர்ப்பு சக்திக்கு என்று வாங்கிய அந்த மூன்று டப்பாக்களையும் மூடி வையுங்கள். வைரஸை விரட்டும் மாத்திரை எதுவும் இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு அது இரண்டு வருடத்துக்குள் உடம்பாலேயே அடங்கிவிடுகிறது.

உங்கள் மற்ற கேள்விகள். காலில் உள்ள மரு வேறு வகை ஹெச்பிவி, இதோடு சம்பந்தமில்லை. நாற்றமும் அரிப்பும் இல்லாத வெள்ளைப்படுதல் பெரும்பாலும் நோயல்ல. கருப்பையை எடுத்துவிடலாமா? வேண்டாம், அந்தப் பேச்சுக்கே இப்போது இடமில்லை. கணவரிடம் விசாரணை நடத்தாதீர்கள். இந்த வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. 12 வயது மகளுக்கு இது பரம்பரையாகப் போகாது. ஆனால் தடுப்பூசி போட இதுதான் சரியான வயது. வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கொண்டு செய்யப்பட்ட ஊசி அது. அந்த உறை வம்சத்துக்கு வம்சம் பெரிதாக மாறுவதில்லை என்பதால் 16-இன் எல்லாக் கிளைகளுக்கும் எதிராக வேலை செய்யும். உங்களுக்குள் இப்போது இருக்கும் தொற்றை மட்டும் அது போக்காது.

கால்போஸ்கோபி என்றதும் உள்ளே குழாய் விடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. பாப் எடுத்தபோது விரித்துப் பிடிக்க வைத்த அதே ஸ்பெகுலம் கருவிதான். பூதக்கண்ணாடி போன்ற கருவி உடம்புக்கு வெளியே நிற்கும். நீர்த்த அசிடிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் ஒற்றிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பார்கள், லேசாக எரியும். இளஞ்சிவப்பான பரப்பில் மாறுபட்ட செல்கள் உள்ள இடம் மட்டும் வெள்ளைத் திட்டாக எழும்பும். அங்கிருந்து அரிசி அளவு சதை எடுப்பார்கள், சுருக்கென்று ஒரு கிள்ளு. உட்குழாயிலிருந்தும் எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். புற்றுநோய்க்கு முன்நிலை மாற்றம் என்று வந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்கினாலே பெரும்பாலும் போதும்.

இரண்டு வாரத்துக்குள் மகப்பேறு, பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து நேரம் வாங்குங்கள். ரத்தம் அதிகமாகப் பட்டாலோ, உறவில்லாமலே பட்டாலோ இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். பழைய ரிப்போர்ட்டுகளோடு, ரத்தம் பட்ட மூன்று தேதிகளையும் எழுதி எடுத்துப் போங்கள். அந்த மாத்திரை அட்டையைத் தூக்கி எறியவில்லை என்றால் அதையும்.