சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு வளர்க்க ஷிட்சு நாய் ஒத்துவருமா? அதன் குணம் எப்படி?

நன்றாகவே ஒத்துவரும், காவலுக்கு என்று நினைக்காதவரை. எங்கள் லட்டுவுக்கு ஏழு வயது. பார்சல்காரர் கதவருகே வந்தால் இரண்டு குரை குரைக்கும். அப்புறம் வாலை ஆட்டிக்கொண்டு அவர் செருப்பை முகர்ந்து பார்க்கும். திருடன் வந்தாலும் இதே உபசாரம்தான் என்பார் என் கணவர்.

சீன அரண்மனைகளில் மடியில் கிடக்கவென்றே வளர்த்த இனம். பெயருக்குச் சிங்கம் என்று பொருளாம்! நம் சிங்கத்தின் வேட்டையெல்லாம் யார் மடி காலி என்று பார்ப்பதுதான். பூஜையறைப் பக்கம் நாயே வரக்கூடாது என்று முதல் நாளே சொன்னவர் என் மாமியார். இப்போது சாயந்திரம் அவர் மடியில்தான் குறட்டை விடுகிறது.

அந்தக் குறட்டைக்குக் காரணமான சப்பை மூக்குக்கு நம் ஊர் வெயில் ஆகாது. ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். பத்தே நிமிடம், நடைபாதையில் வயிறு ஒட்டப் படுத்து நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்தது. தூக்கிக்கொண்டுதான் திரும்பினேன். இப்போது ஏழுக்கு முன்னால், இல்லையென்றால் இருட்டிய பிறகு.

முடி அதிகம் கொட்டாது, ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் சீவாமல் விட்டால் காதுக்குப் பின்னால் சிக்கு. பேசாமல் குட்டையாக வெட்டிவிடுங்கள். பிடிவாதமும் உண்டு: கழிவுத் தட்டில் போகப் பழக்க எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. திட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பிள்ளைகளிடம் கோபப்படாது. பயம் நாய்க்காகத்தான்: கண் துருத்திக்கொண்டிருக்கும், விரல் பட்டால் புண்ணாகும். ஐந்தாறு கிலோதானே என்று பிள்ளைகள் தூக்கிக் கீழே போடுவதும் நடக்கும்.

வீவக அனுமதிக்கும் 62 இனங்களில் இதுவும் ஒன்று, வீட்டுக்கு ஒரு நாய்தான். கோல்டன் ரெட்ரீவர் ஆசை இருந்தால் மறந்துவிடுங்கள். உரிமக் கட்டணம் கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90.

இன்னொன்று, நம் வீடுகளுக்கென்றே சொல்கிறேன். உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வெங்காயமும் விஷம். சாம்பார் சோறு வேண்டாம். போன தீபாவளிக்குக் கேசரி கிண்டியபோது மாமியாரே திராட்சை டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டார். முந்திரி மட்டும்தான் போட்டோம்.