புளி ஜாடியில் ஒரு கோடி

கேள்வி: இன்பமே நன்மை என்று பழைய கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸ் சொன்னாராமே. தினமும் ஒரு லாட்டரி டிக்கெட் வாங்குகிறேன். மூன்று மணிக் குலுக்கல் வரை அதுதான் எனக்கு இன்பம். ஆனால் வீட்டுக்காரிக்குத் தெரியாமல் வாங்குவதால் மனசு உறுத்துகிறது. எபிக்யூரஸ் கட்சியில் எனக்கு இடம் உண்டா?
— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: எபிக்யூரஸ் இருக்கட்டும். 'வீட்டுக்காரிக்குத் தெரியாமல்' எங்கே ஒளித்துவைக்கிறீர்கள்? நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் வண்டி சீட்டுக்கு அடியில் வைப்பார்கள், ரேஷன் கார்டு உறைக்குள் வைப்பார்கள். சாமி படத்துக்குப் பின்னால் வைப்பவர் விவரமானவர். மாட்டிக்கொண்டால் வேண்டுதல் என்று சொல்லிவிடலாம். என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புளி ஜாடியில் செருகினார். அன்றைக்கென்று வீட்டில் ரசம். நம்பர் கரைந்தே போனது. ஒரு கோடி விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ரசம் புளிப்பு தூக்கல் என்று மட்டும் தெரியும்.

எபிக்யூரஸ் சொல்வதும் இதைத்தான். ஒளித்துத் தப்பு செய்தவன் பத்தாயிரம் தடவை தப்பித்தாலும், சாகும்வரை தப்பிப்பான் என்று நிச்சயம் கிடையாது. உங்கள் உறுத்தல் தர்ம சிந்தனையெல்லாம் இல்லை ஐயா, பயம். டிக்கெட் விலையோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்த இன்பமும் தன்னளவில் கெட்டதல்ல, அது இழுத்துவரும் தொல்லையைப் பார் என்பது அவர் கணக்கு. 2022 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்த திருவனந்தபுரம் ஆட்டோ ஓட்டுநர், சில நாளிலேயே விழாமல் இருந்திருக்கலாம் என்று புலம்பினார். பணம் கேட்டு வந்த கூட்டத்தால் சொந்த வீட்டிலேயே இருக்க முடியவில்லை.

சரி, கட்சியில் இடம் உண்டு. டிக்கெட்டை வீட்டம்மா கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

எபிக்யூரஸ் ஏதென்ஸ் தோட்டத்தில் ரொட்டியும் தண்ணீரும் சாப்பிட்டு நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தவர். ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்பு, தோன்றும்போது விருந்து சாப்பிடுகிறேன் என்று நண்பருக்கு எழுதினார். இந்த மனுஷன் பெயரைத்தான் ஐம்பது வகை பஃபேக்கு வைக்கிறார்கள்! நம் இதழிலேயே அப்படி ஒரு விளம்பரம் வந்தது. விளம்பரப் பிரிவோடு எனக்கு இதில் பழைய தகராறு. ஏன் இந்த அவமானம் என்று கேட்டேன். "முழுப்பக்கம் சார், கலர்" என்றார்கள். அப்புறம் அந்த ஹோட்டல்காரர்களே கூப்பிட்டார்கள் என்று போன வாரம் போனேன். பாயசம் மட்டும் நாலு வகை. பாலடை பரவாயில்லை.