படகு வாங்காமல் பாய் விரிக்க முடியுமா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் பிறந்து வளர்ந்த நான், பத்து மாதங்களாகச் சிங்கப்பூரில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடக்கும்போது பாய்மரப் படகுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. விசாரித்தால் கிளப் உறுப்பினர் கட்டணம் என் சக்திக்கு மீறியதாக இருக்கிறது. படகு வைத்திருப்பவர் ஒருவரையும் தெரியாது, நீச்சலும் அரைகுறைதான். ஆடித் திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருக்கிறேன், இன்னும் மூன்று வாரம் விடுப்பு இருக்கிறது. ஆசையைச் சொன்னதும், "உனக்கு ஜாதகத்தில் நீரில் கண்டம்" என்று அம்மா அழத் தொடங்கிவிட்டார். ஏற்காட்டு ஏரியில் பெடல் படகு மிதித்ததைத் தவிர வேறு அனுபவம் இல்லாத, அங்கே வெளிநாட்டவளான எனக்கு வழி உண்டா?
— வாசகி, சேலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வழி உண்டு. ஆனால் நீங்கள் தட்டிய கதவு தவறான கதவு. உறுப்பினர் கட்டணத்தை விசாரித்துவிட்டு மனம் தளர்ந்து திரும்புகிறவர்கள் ஏராளம். பாய்மரப் படகுகளின் உலகில் பணத்தை விட அரிதாகக் கிடைப்பது, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் ஆள். ஜே-24 என்ற பந்தயப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் ஏறத்தாழ 7.3 மீட்டர், பந்தயத்தில் அதைச் செலுத்த வழக்கமாக ஐந்து பேர் வேண்டும். அந்த ஐவரில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் வேலை மாறி நாட்டை விட்டே போய்விட்டார் என்றால், லட்சக்கணக்கில் செலவழித்துப் படகு வைத்திருப்பவர் கரையில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். வெளிநாட்டவர்கள் வந்தும் போயும் கொண்டிருக்கும் சிங்கப்பூர் போன்ற தீவு நாட்டில் இந்த ஆள் பற்றாக்குறை ஓயாத ஒன்று. ஆகவே படகைத் தேடுவதை விட்டு, ஆள் தேடும் படகைத் தேடுங்கள்.

அதற்கு முன் நீச்சல். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீரில் கண்டம் என்று அஞ்சும் தாயாரிடம் ஜாதகத்தைப் பற்றி வாதிட்டுப் பயனில்லை, வாதிடவும் வேண்டாம். மேட்டூரிலும் காவிரிக் கரையிலும் நீச்சல் தெரியாமல் இறங்கிப் போனவர்களைப் பற்றிய செய்தியை ஆண்டுதோறும் படித்து வருந்தும் மாவட்டம் நம்முடையது. அவர் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. மீதமிருக்கும் மூன்று வாரத்தில் தினமும் காலை ஒரு மணி நேரம், பயிற்சியாளர் உள்ள நீச்சல் குளம் ஒன்றில் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். கிணற்றிலோ, மூக்கனேரியிலோ, அணை நீரிலோ பழக வேண்டாம். பாய்மரப் பயிற்சி மையங்கள் பொதுவாக எதிர்பார்ப்பது 50 மீட்டர் நீந்தும் திறனையும், நீரில் பதற்றமின்றி மிதக்கும் பழக்கத்தையும்தான். கடைசி வாரத்தில் ஒருநாள் அம்மாவையும் குளத்துக்கு அழைத்துச் சென்று, நீங்கள் நீந்துவதைப் பார்க்கச் செய்யுங்கள். எத்தனை சமாதானம் சொன்னாலும் கிடைக்காத தைரியம், கண்ணால் பார்க்கும்போது அவருக்குக் கிடைக்கும். சிறு படகுகளில் லைஃப் ஜாக்கெட் அணியாமல் யாரையும் நீரில் இறக்க மாட்டார்கள் என்பதையும், பயிற்சியின்போது மீட்புப் படகு ஒன்று அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லலாம். நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-இல் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்றார். அந்தப் பெருமை இந்தியப் பெண்களில் முதன்முதலாக அவருக்கே கிட்டியது. இதுவும் அம்மாவின் காதில் விழட்டும்.

விடுப்பிலேயே இன்னொரு வேலையும் செய்யலாம். ஏற்காட்டுக்குப் போனால் ஏரிக்கரையில் அரை மணி நேரம் அமர்ந்து, நீரின் மேற்பரப்பை மட்டும் கவனியுங்கள். காற்று வலுத்து வரும் இடத்தில் நீர் நுண்ணிய மடிப்புகளாகச் சுருங்கி, சற்றே கருத்த திட்டாக நகர்ந்து வருவது தெரியும். அந்தத் திட்டு உங்களை நெருங்கும் கணத்தில் கன்னத்தில் காற்று படும். சுற்றிலும் மேடும் மரங்களும் இருப்பதால் அங்கே காற்று ஒரே திசையில் நிற்காது. எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு நேரம் நிலைக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துப் பாருங்கள். படகில் முதல் நாளே சுக்கானைப் பிடிக்கும் பலருக்கு வராத பார்வை இது. கையோடு இரண்டு மீட்டர் நீளமுள்ள நூல்கயிறு ஒன்றை வைத்துக்கொண்டு பௌலைன் முடிச்சையும் எட்டு வடிவ முடிச்சையும் கண்ணை மூடிப் போடும் அளவுக்குப் பழகுங்கள். எவ்வளவு இழுத்தாலும் வளையம் இறுகாத, வேலை முடிந்ததும் எளிதில் அவிழும் பௌலைன் முடிச்சுதான் பாயின் மூலையில் கயிற்றைக் கட்டப் பெரும்பாலும் பயன்படுகிறது.

சிங்கப்பூர் திரும்பியதும் முதலில் டிங்கி எனப்படும் சிறு பாய்மரப் படகில் ஒரு தொடக்கநிலைப் பயிற்சியில் சேருங்கள். நீங்கள் நடக்கும் அதே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில்தான் தேசியப் பாய்மரப் படகு மையம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு இளையோர் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. சாங்கி கிராமத்தை ஒட்டி சாங்கி செய்லிங் கிளப் இருக்கிறது. உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் பயிற்சி தரும் இடங்கள் உண்டு. அதற்கான கட்டணம் உறுப்பினர் கட்டணத்தில் ஒரு சிறு பகுதிதான். பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் பாடத்திட்டத்தின்படி பயிற்சி தரும் இடமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் சான்றிதழ் பல நாடுகளில் செல்லுபடியாகும் என்பதால், நாளை மொரிஷியசுக்கோ வேறு தீவுக்கோ மாற்றலாகிப் போனாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அந்தப் பயிற்சியில் படகைக் கவிழ்த்து நிமிர்த்துவதை முதலிலேயே கற்றுத்தருவார்கள். அதைக் கண்டு பின்வாங்காதீர்கள். டிங்கி பக்கவாட்டில் சாய்ந்து பாய் நீரில் படுத்துவிட்டால், படகைப் பிடித்தபடியே அடிப்பக்கமாக நீந்திச் சென்று, அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின் மேல் உடல் எடையைப் போட்டு, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். முதல் சில நொடிகள் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். நனைந்த பாய் அத்தனை கனம். பிறகு பாயிலிருந்து நீர் வடிய வடிய, பாய்மரம் மெல்ல எழும்பும், அதன்பின் படகு சட்டென்று நிமிர்ந்துவிடும். இதை நாலு முறை செய்தவருக்குக் கடலிடம் மரியாதை மிஞ்சும், பீதி போய்விடும்.

பயிற்சி முடிந்த கையோடு கிளப்புகளின் அறிவிப்புப் பலகையையும், பந்தயங்களை நடத்தும் அலுவலகத்தையும் அணுகி, "க்ரூவாக (படகுக் குழுவில் ஒருவராக) வரத் தயார், தொடக்கநிலை முடித்திருக்கிறேன், இத்தனை கிலோ எடை, சனி ஞாயிறு இரண்டு நாளும் வர முடியும்" என்று எழுதிக் கொடுங்கள். எடையைக் குறிப்பிடக் கூச்சப்பட வேண்டாம். படகு சாயாமல் இருக்கக் காற்று வரும் பக்கம் ஆட்கள் அமர வேண்டியிருப்பதால், படகை வழிநடத்தும் ஸ்கிப்பருக்கு அது தேவையான கணக்கு. சாங்கி தவிர, மேற்குக் கடற்கரையில் ரிபப்ளிக் ஆஃப் சிங்கப்பூர் யாட் கிளப்பும், துவாஸில் ராஃபிள்ஸ் மெரினாவும், செந்தோசாவில் ஒன் டிகிரி ஃபிஃப்டீன் மெரினாவும் இருக்கின்றன. வீட்டுக்கு அருகில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள் என்பேன், ஏனெனில் விடாமல் போவதுதான் இங்கே உங்கள் மூலதனம்.

முதல் நாள் அழைப்பு வந்தால் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். தளத்தில் கறை விடாத அடிப்பாகமுள்ள காலணி, தொப்பி, குடிநீர், எல்லோருக்கும் பகிரச் சிறிது தின்பண்டம் போதும். உங்களுக்குத் தரப்படும் வேலை பெரும்பாலும் முன்பாயின் கயிறாக இருக்கும். படகு திரும்பும்போது ஒரு பக்கக் கயிற்றைத் தளர்த்தி மறுபக்கக் கயிற்றை இழுக்க வேண்டும். முந்தி விட்டாலும் பிந்தி விட்டாலும் படகின் வேகம் போய்விடும். பெரிய பாயின் அடியில் குறுக்கே நிற்கும் பூம் என்னும் கம்பம் தலைக்கு மேலே வீசித் திரும்பும், எனவே ஸ்கிப்பர் குரல் கொடுத்ததும் குனிந்துவிடுங்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். பந்தயம் முடிந்ததும் புறப்பட்டுவிடாமல், பாயை மடிக்கவும் உப்பைக் கழுவவும் கடைசி வரை கூட நில்லுங்கள். அடுத்த வாரம் யாரை அழைப்பது என்று படகுக்காரர் முடிவு செய்வது அந்த ஒரு மணி நேரத்தில்தான். பிறகு எல்லோரும் கிளப்பில் அமர்ந்து மது அருந்துவார்கள். நீங்கள் எலுமிச்சைச் சாறு அருந்தினால் ஒருவரும் தவறாக எண்ண மாட்டார்கள். ஆனால் அந்த மேசையில் அமர்வது முக்கியம், புதிய அழைப்புகள் அங்கேதான் பிறக்கின்றன.

அம்மியைப் பறக்கவிடும் என்று நம்மவர் சொல்லும் ஆடிக் காற்று, தென்மேற்குப் பருவக் காற்றின் முகம். அதே பருவம் சிங்கப்பூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கிறது, ஆனால் அங்கே காற்று பொதுவாக மென்மையானது. விதிவிலக்கு, சுமத்திரா பக்கமிருந்து வரிசையாக வரும் இடிமழைப் புயல்கள். பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் வந்து, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசிவிட்டு, ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். மேற்கே வானம் கறுத்து, காற்று திடீரென்று குளிர்ந்தால் கரை திரும்ப வேண்டும். மின்னல் எச்சரிக்கை வந்தால் கிளப்புகளே படகுகளைக் கரைக்கு அழைத்துவிடும், அதை மீறுகிற ஸ்கிப்பருடன் இரண்டாவது முறை போகாதீர்கள். நிலையான, வலுவான காற்று வேண்டுமென்றால் வடகிழக்குப் பருவத்தின் வறண்ட பகுதியான ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் சிறந்தவை. ஆகஸ்டில் பயிற்சி, செப்டம்பர் முதல் க்ரூ வேலை என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்று வரும்போது உங்கள் கை பழகியிருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் இரவு ஏழு மணி வாக்கில் இருட்டிவிடுகிறது. அலுவலகம் முடிந்து போகலாம் என்ற கணக்கு ஒத்துவராது, வார இறுதிதான் உங்கள் நேரம்.

சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். இயந்திரம் பொருத்திய உல்லாசப் படகை ஓட்டுபவரிடம் அந்நாட்டுக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் இருக்க வேண்டும். க்ரூவாகச் செல்லும் உங்களுக்கு அது தேவையில்லை. உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று அங்கே இருப்பதாலும், சில தென் தீவுகளைச் சுற்றி ராணுவத் துப்பாக்கிப் பயிற்சிப் பகுதிகள் இருப்பதாலும், வரைபடம் பார்க்காத படகில் ஏற வேண்டாம். ஜோகூர் நீரிணையின் நடுவே மலேசிய எல்லை ஓடுகிறது. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போய் வருவோம் என்று யாராவது அழைத்தால் அது வெளிநாட்டுப் பயணம். கடவுச்சீட்டும் வேலை அனுமதி அட்டையும் கையில் இருக்க வேண்டும், குடிநுழைவுச் சோதனையும், தேவைப்பட்டால் விசாவும் முடித்தாக வேண்டும். இன்னொன்றும் நினைவில் வையுங்கள். உங்கள் வேலை அனுமதி அந்த வங்கி வேலைக்கு மட்டும் உரியது. நாளை நீங்கள் தேர்ந்த பிறகு படகோட்டிக் கொடுத்தோ பயிற்சி அளித்தோ ஊதியம் பெற்றால் சிக்கல் வரும். செலவைப் பகிர்ந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓராண்டு கழித்து நம்பிக்கை வந்தால் ஐந்து நாள் நடக்கும் காம்பிடன்ட் க்ரூ (தேர்ந்த குழு ஆள்) பயிற்சியை முடித்துவிட்டு, அண்டை நாடுகளின் பந்தயங்களுக்குப் பெயர் கொடுக்கலாம். மலேசியாவின் ராஜா மூடா பந்தயம் 1990 முதல் நவம்பரில் நடக்கிறது. போர்ட் கிளாங்கில் தொடங்கிப் பினாங்கு வழியாக லங்காவி வரை, இரவிலும் பாய் விரித்துச் செல்லும் நீண்ட தூரம். தாய்லாந்தின் புக்கெட்டில் கிங்ஸ் கப் பாய்மரப் பந்தயம் 1987 முதல் டிசம்பரில் நடக்கிறது. இவற்றுக்கு ஆள் சேர்ப்பது ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும் என்பதால், அடுத்த ஆண்டு ஆடித் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது அலுவலகத்தில் இரண்டு வார விடுப்பை மிச்சம் வைத்துவிட்டு வாருங்கள்.